ஏற்காட்டுப் பிள்ளைகளின் கடைவாய்ப் பல்: சேலம் மாவட்ட சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும், அரசு மருத்துவமனைகளில் பல் சிகிச்சைப் பிரிவுகளை நடத்திவரும் மருத்துவர்களுக்கும், மருந்துக் கொள்முதலைத் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பல் மருத்துவம் பார்த்து ஓய்வுபெற்று அஸ்தம்பட்டியில் வசிக்கும் நான், இப்போதும் ஏற்காட்டு மலைக் கிராமங்களின் பள்ளி முகாம்களுக்குச் சென்று வருகிறேன். அங்கே திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றை, காப்பாற்றக்கூடிய நிரந்தரப் பல்லையும் பிடுங்கச் சொல்லி அனுப்புவதை, தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன்.

சென்ற தை மாதம் நாகலூர்ப் பக்கத்திலிருந்து எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய அம்மாயி அழைத்து வந்திருந்தார். கீழ்த்தாடையில், ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. குழிக்குள் ஒரு கிராம்பை வைத்து அமுக்கியிருந்தார்கள். வீக்கமோ சீழோ இல்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று வலித்துச் சற்று நேரத்தில் அடங்கிவிடுகிறது என்றாள். பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாய்களும் உள்ள மென்திசுவான பற்கூழ் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஒரு வாரத்துக்கு முன் அவர்கள் போயிருந்த சிகிச்சை மையம் ஒன்றில், பிடுங்கிவிடலாம், இல்லையென்றால் சேலத்துக்குப் போய் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "பால்பல்லுதானுங்க, மறுக்கா மொளச்சுக்கும்ல?" என்று அம்மாயி கேட்டார். அது மறுபடி முளைக்காத பல் என்பதை அதுவரை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பல்லின் எந்தப் பகுதி தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும், எது செய்துகொள்ளாது என்பதில்தான் என் கோரிக்கை நிற்கிறது. பல்லின் வெளி ஓடான எனாமலை உருவாக்கும் உயிரணுக்கள் பல் வாய்க்குள் வெளிவரும்போதே மறைந்துவிடுகின்றன. ஆகவே எனாமலில் குழி விழுந்தால் விழுந்ததுதான். (எனாமலையே மீண்டும் வளர்ப்பதாகச் சொல்லும் பற்பசை விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது, மேற்பரப்பில் இழந்த தாதுவை ஓரளவு மீட்கலாம், அவ்வளவே.) ஆனால் எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினை உருவாக்குகிற ஒடன்டோபிளாஸ்ட் உயிரணுக்கள் பற்கூழின் விளிம்பில் வரிசையாக நின்று, பற்கூழ் உயிரோடு இருக்கும்வரை வேலை செய்கின்றன. அவற்றில் சில அழிந்தாலும், பற்கூழில் உள்ள தண்டணுக்கள் (ஸ்டெம் செல்கள்) அந்த இடத்துக்கு வந்து அதே வேலையை எடுத்துக்கொள்ளக்கூடும். அவற்றுக்குத் தேவையானவை இரண்டு: கிருமி புகாத அடைப்பு, வேலையைத் தொடங்கச் செய்யும் ஒரு தூண்டுதல்.

1920களிலிருந்து இதற்குக் கால்சியம் ஹைட்ராக்சைடைப் பயன்படுத்தி வருகிறோம். அது தூண்டும், ஆனால் நாளடைவில் கரைந்துபோகும், அதன் கீழ் பற்கூழை மூடியபடி உருவாகும் புது டென்டின் அடுக்கில், அதாவது டென்டின் பாலத்தில், சுரங்கம்போல் துளைகள் விழும். 1993இல் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் குழுவினர் அறிமுகப்படுத்திய எம்.டி.ஏ. (மினரல் டிரைஆக்சைடு அக்ரிகேட்) என்னும் பல் சிமென்ட் இந்த நிலையை மாற்றியது. அதன் முக்கால் பங்கு போர்ட்லண்ட் சிமென்ட், ஐந்தில் ஒரு பங்கு எக்ஸ்ரேயில் தெரிவதற்கான பிஸ்மத் ஆக்சைடு, மீதி ஜிப்சம். இதை முதன்முதலாகக் கேள்விப்பட்டபோது, சங்ககிரியில் மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றுகிற சிமென்டையா வாயில் வைப்பது என்று நான் கேலி பேசியதுண்டு. கட்டடச் சிமென்டில் கலந்திருக்கக்கூடிய ஆர்சனிக், ஈயம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தித் தூய்மையாகத் தயாரிப்பது என்பதே வேறுபாடு. வேதியியல் ஏறக்குறைய ஒன்றுதான். ஈரத்திலேயே இறுகும் இயல்பு, எந்நேரமும் ஈரமாக இருக்கும் வாய்க்கு மிகவும் பொருந்துகிறது. இறுகும்போது கால்சியத்தை வெளிவிட்டு, காரத்தன்மையால் கிருமியை ஒடுக்கி, டென்டினுக்குள் உறைந்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை விடுவிக்கிறது. எம்.டி.ஏ. இறுக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், பல்லையும் கறுப்பாக்கும். 2009இல் வந்த பயோடென்டின் என்னும் டிரைகால்சியம் சிலிகேட் ஏறத்தாழ 12 நிமிடங்களில் இறுகிவிடுகிறது.

அந்தச் சிறுமிக்குச் செய்தது இதுதான். சேலத்தில் நண்பர் ஒருவரின் சிகிச்சையகத்தில் மரப்பு ஊசி போட்டு, எச்சில் படாமல் தடுக்கும் ரப்பர் திரை மாட்டி, சொத்தையைச் சுரண்டி எடுத்தபோது பற்கூழ் திறந்துகொண்டு ரத்தம் கசிந்தது. பற்கூழின் மேற்பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சை வைத்து அழுத்தினேன். நான்காம் நிமிடம் பஞ்சை எடுத்தபோது ரத்தம் நின்றிருந்தது. நிற்காமல் கசிந்துகொண்டே இருந்திருந்தால் மிஞ்சிய கூழும் கெட்டிருக்கிறது என்று பொருள். பயோடென்டின் குப்பியில் உள்ள பொடியில் ஐந்து சொட்டு திரவம் விட்டு, 30 நொடி கலக்கி, ஈரமான மாவுப் பதத்தில் வைத்து அடைத்தேன். ஒரே அமர்வில் முடிந்தது. மதியப் பேருந்திலேயே மலையேறிவிட்டார்கள். ஆடி மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் அடைப்புக்குக் கீழே மெல்லிய வெள்ளைக் கோடாக டென்டின் பாலம் தெரிந்தது. அதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது, வேர் நுனி முன்பைவிட நீண்டிருந்ததுதான். அந்தப் பல்லின் வேர் முழுமையடைய ஒன்பது, பத்து வயதாகும். அதற்கு முன் பற்கூழ் செத்துவிட்டால் வேர் மெலிந்து நுனி திறந்தபடியே நின்றுபோகும், பிறகு எளிதில் உடையும்.

இந்த ஒரே அமர்வு என்பதை அதிகாரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும். வேர் சிகிச்சைக்குப் பல முறை வர வேண்டியிருக்கலாம். அதன் பிறகு உறையும் போட வேண்டும். காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகும் தாய்க்கு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏறும் ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. மூன்றாவது முறை அவர் வரமாட்டார். பாதியில் நின்ற வேர் சிகிச்சை கடைசியில் பிடுங்கலில்தான் முடியும். இது மருத்துவத்துக்குப் புறம்பான ஏழைச் சலுகையும் அல்ல. ஆழமான சொத்தையில் பற்கூழை உயிருடன் காப்பதை ஐரோப்பிய வேர் சிகிச்சை மருத்துவர் சங்கம் 2019இலும், அமெரிக்கச் சங்கம் 2021இலும் தம் நிலைப்பாட்டு அறிக்கைகளில் ஆதரித்துள்ளன.

ஆகவே நான் கேட்பது: ஏற்காட்டில் அரசுப் பல் மருத்துவர் அமரும் இடத்தில், பயோடென்டின் போன்ற கால்சியம் சிலிகேட் சிமென்டும் ரப்பர் திரையும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். பெரிய டப்பியாக வாங்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் ஒருமுறை திறந்த பொடி ஈரம் குடித்து, அடுத்த முகாமுக்குள் கட்டி தட்டிப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு ஒன்றாகப் பயன்படும் சிறு குப்பிகளே மலைக்குச் சரி. விலை கால்சியம் ஹைட்ராக்சைடைவிட அதிகம் என்பதை மறைக்கவில்லை. பாதரசக் கலவை அடைப்புக்காக வாங்கிய கலக்கும் இயந்திரம் பல இடங்களில் சும்மா கிடக்கிறது. அதன் வேகம் பொருந்தினால் இந்தக் குப்பிக்கும் அதுவே போதும். ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் பார்க்க வேண்டிய மறுபரிசோதனையை, பள்ளிகளுக்குச் செல்லும் நடமாடும் சிறார் நலக் குழுவின் பதிவேட்டில் ஒரு பத்தி சேர்த்து நடத்தலாம்.

சீழ் வைத்த பல்லை இது காப்பாற்றாது. திறந்த வேருக்குள் ரத்தத்தைக் கசியவிட்டுப் புதுத் திசு வளர்க்கும் முறை ஒன்றும் இருக்கிறது. அதில் வளர்வது பெரும்பாலும் உண்மையான பற்கூழாக இருப்பதில்லை என்பதால், அதை இப்போதைக்குப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கே விட்டுவிடலாம்.

தாங்கள் நாள் குறித்துக் கொடுத்தால், மலைப் பகுதியில் பணிபுரியும் இளம் மருத்துவர்களுக்கு இதைச் செய்து காட்ட நான் சொந்தச் செலவில் வருகிறேன். புதன்கிழமை மட்டும் வேண்டாம். அன்று எனக்கு மஞ்சக்குட்டையில் முகாம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.