அது உங்க காருங்ணா

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று மாலை கோவை செட்டிப்பாளையம் காரி ரேஸ் டிராக்கில் என் காரைப் பத்து லேப் (பத்துச் சுற்று) ஓட்டினேன். ரேஸில் விபத்தாகி 131 நாளுக்குப் பிறகு. வலது கால் கணுக்கால் பக்கம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. அதன்மேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். காலையில் எழுந்து நிதானமாக எழுது என்றார் அம்மா. நிதானம் வந்துவிட்டால் சொல்ல வேண்டியதில் பாதியை விழுங்கிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

அன்று சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நடந்த அந்த விபத்து உங்களுக்குத் தெரியும். பலர் அங்கேயே நின்று பார்த்தீர்கள். மறுபடி சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: பிரேக்கைத் தாமதமாக மிதித்தவன் நான்தான். காரிலும் குறை இல்லை, டிராக்கிலும் குறை இல்லை, பக்கத்தில் வந்தவர் மேலும் குறை இல்லை.

ஆரஞ்சு உடையில் ஓடிவந்த, டிராக்கில் பாதுகாப்பைப் பார்க்கும் மார்ஷல்களுக்கு முதல் நன்றி. சம்பளத்துக்கு வருபவர்கள் இல்லை நீங்கள். வார நாட்களில் வேறு வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறு வெயிலில் கொடியோடு நிற்பவர்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லிக் கத்தியபோது, டாக்டர் வரும்வரை கழுத்தை அசையவிடாமல் பிடித்துக்கொண்டீர்களே, அந்தக் கைகளை நான் மறக்கமாட்டேன். டிராக் டாக்டருக்கு, ஆம்புலன்ஸ் தம்பிகளுக்கு, எலும்புக்குள் ராடு வைத்துக் காலை நேராக்கிய அறுவை மருத்துவருக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கும் மணி அடித்தால் முகம் சுளிக்காமல் வந்த நர்ஸ் அக்காக்களுக்கு, ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு, யாரிடமும் சொல்லாமல் பில் கட்டிவிட்டுப் போன அந்த எதிரணி நண்பர்களுக்கு, சென்னையில் எங்களுக்கென்று யாரும் இல்லை என்று தெரிந்து மூன்று வாரம் வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்த குடும்பத்துக்கு நன்றி. பெயர் போடக்கூடாது என்று நீங்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி சொன்னீர்கள். சரி, போடவில்லை.

பிசியோதெரபி அக்காவைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் ஓட்டும் ஃபார்முலா காரில் (ஒரே சீட் உள்ள ரேஸ் கார்) பிரேக்குக்கு உதவி செய்ய வீட்டுக் காரில் இருப்பதுபோல் சர்வோ எதுவும் கிடையாது, முழு அழுத்தமும் காலிலிருந்துதான் வர வேண்டும் என்று நான் சொன்னதும், எடை பார்க்கும் மெஷினைச் சுவரோடு சாய்த்து வைத்து, உட்கார்ந்தபடி பாதத்தால் அழுத்தச் சொன்னார். முதல் நாள் முள் ஆறு கிலோவில் நின்றது. தினமும் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வந்தார். அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தாலும் அந்த இடத்தை விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அம்மா பேச்சையும் கேட்காமல் இந்த ராத்திரியில் என்னை எழுத உட்கார வைத்தவன் வேறு ஒருவன். என் இடத்தில் என் காரை ஓட்டிய தம்பி.

ரேஸ் ஓட்டுபவர்களுக்குத்தான் இது முழுதாகப் புரியும். அடிபட்டவன் ஆஸ்பத்திரிக்குப் போனதும் சீட் காலியாக இருப்பதில்லை. கட்டணம் கட்டியாகிவிட்டது, ஸ்பான்சரின் பெயர் வண்டியில் ஒட்டியாகிவிட்டது, மெக்கானிக்குகளுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அடுத்த சுற்றுக்கு யாராவது ஒருவர் அதில் உட்கார்ந்தே ஆக வேண்டும். டீம் செய்தது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இதெல்லாம் அறிவுக்குத் தெரிகிறது. கட்டிலில் படுத்திருப்பவனின் மனசுக்குத் தெரிவதில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன் ஒருவனைப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவன் மெதுவாக ஓட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். விபத்து வேண்டாம், அடி வேண்டாம், மெதுவாக ஓட்டினால் போதும் என்று. அவ்வளவு சின்ன மனசோடுதான் படுத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. தெரியாத நம்பர். யார் என்று படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ரெண்டு நாள் திறக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கேட்டேன். பின்னணியில் யாரோ ஸ்பானரைக் கீழே போடும் சத்தம், தூரத்தில் ஒரு எஞ்சின். அப்புறம் அவன் குரல்:

“அண்ணா, நாந்தானுங்க. உங்க காரு நல்லாருக்குதுங்ணா. மெயின் ஸ்ட்ரெய்ட் முடிஞ்சு திரும்பறப்ப பின்பக்கம் மட்டும் லேசா நழுவுது. நீங்க அந்த எடத்துல எப்படிப் போவீங்க? சொன்னீங்கன்னா நாளைக்கு அப்படியே போறனுங்க.”

உங்க காரு. அந்த ரெண்டு வார்த்தையை எத்தனை முறை திரும்பத் திரும்பக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. அவன் சொன்ன ‘நாளை’ அதற்குள் முடிந்துபோயிருந்தது. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் பதில் அனுப்பினேன். கட்டில் விரிப்பில் விரலால் திருப்பத்தை வரைந்து பார்த்து, எங்கே பிரேக் மிதிப்பேன், எங்கே காலை மெல்ல எடுப்பேன், வெளிப்பக்கம் மேடுபோல் இருக்கும் இடத்தை எப்படித் தவிர்ப்பேன் என்று பத்து நிமிடம் பேசினேன். விபத்துக்குப் பிறகு வலியைத் தவிர வேறொன்றைப் பற்றி நான் பேசிய முதல் பத்து நிமிடம் அதுதான்.

அதன்பிறகு ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும், ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் மெசேஜ் வரும். எப்போதும் ஒரு கேள்வியோடுதான் முடியும். மழையில் டயருக்கு எவ்வளவு காற்று வைப்பீர்கள்? முன்னால் போகிறவரை இந்த இடத்தில் முந்த முடியுமா, அடுத்த திருப்பம்வரை பொறுக்கலாமா? பழைய டயரில் கடைசி மூன்று லேப் எப்படி ஓட்டுவீர்கள்? நான் யோசிப்பேன், நோட்டில் படம் போடுவேன், பதில் சொல்வேன். வாக்கரைப் பிடித்து நடந்துகொண்டே சொல்வேன். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஒரே நாளில் நான்கு மெசேஜ். ஒரு தடவைகூட ‘என் கார்’ என்று அவன் வாயில் வந்ததில்லை. மேடையேறிய அன்றும் “உங்க காரு மூணாவது வந்திருச்சுங்ணா” என்றுதான் சொன்னான்.

போன மாதம் எங்கள் மூத்த மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கு வந்தார். பேச்சுவாக்கில் அந்தக் கேள்விகளைப் பற்றிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவன் பன்னெண்டு வயசிலிருந்து இந்த ரெண்டு டிராக்கையும் சுத்திச் சுத்தி நடந்து பார்த்தவன்ப்பா. நீ சொன்ன பதில் ஒவ்வொண்ணும் அவனுக்கு முன்னாடியே தெரியும்” என்றார்.

என்னால் எதுவும் பேச முடியவில்லை. அவர் போன பிறகு அழுதேன். அடிபட்ட அன்றுகூட அப்படி அழவில்லை.

எனக்குப் பழம் வாங்கி வந்தவர்கள் உண்டு, தைரியம் சொன்னவர்கள் உண்டு. எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். இவன் எனக்கு வேலை கொடுத்தான். பயனில்லாமல் படுத்துக்கிடக்கிறோம் என்று நினைத்தவனிடம் வந்து, நீங்கள் சொன்னால்தான் கார் ஓடும் என்று நம்பவைத்தான். இருபது வயசுப் பையனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

படுத்திருந்த நாட்களில், அடிபட்ட ஓட்டுநர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். அந்த மெசேஜுக்குப் பிறகு, அவர்கள் இடத்தில் உட்கார்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்றும் தேட ஆரம்பித்தேன். 1999இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் மைக்கேல் ஷூமாக்கருக்கு உடைந்ததும் என்னைப்போல வலது கால்தான். ஆறு ரேஸ் அவர் வரவில்லை. அவர் இடத்தில் ஃபெராரியில் உட்கார்ந்தவர் ஃபின்லாந்தின் மீகா சாலோ. ஜெர்மனியின் ஹாக்கன்ஹெய்மில் சாலோ முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தார். பட்டத்துக்குப் போராடியவர் அணித்தோழர் எடி இர்வைன். அணி சொன்னதும் சாலோ வழிவிட்டு இரண்டாவதாக வந்தார். இர்வைன் தான் வாங்கிய கோப்பையைச் சாலோவிடமே கொடுத்துவிட்டார். சாலோ தன் வாழ்நாளில் ஒரு ஃபார்முலா ஒன் ரேஸ்கூட ஜெயிக்கவில்லை. அவர் ஜெயித்திருக்கக்கூடிய ரேஸ் அதுதான். ஷூமாக்கர் மலேசியாவில் திரும்பி வந்து ரேஸுக்கு முந்தைய தகுதிச் சுற்றில் ஏறத்தாழ ஒரு விநாடி வித்தியாசத்தில் முதலிடம் பிடித்தார் என்பதைத்தான் நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். சாலோவை எனக்கு யாரும் சொன்னதில்லை.

2009இல் ஹங்கேரியில் முன்னால் போன காரிலிருந்து கழன்ற ஸ்பிரிங் ஃபெராரி ஓட்டுநர் ஃபெலிப்பே மாஸாவின் ஹெல்மெட்டில் அடித்தது. பத்து வருடமாக ஃபார்முலா ஒன் ரேஸே ஓட்டாத லூக்கா படோயரை அந்த சீட்டில் உட்கார வைத்தார்கள். இரண்டே ரேஸ். உலகமே கேலி செய்தது. இந்த முறை அதைப் படித்தபோது எனக்கு மாஸாவைவிடப் படோயரை நினைத்துத்தான் நெஞ்சு அடைத்தது.

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. அதே 2009இல் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரக் கார் ரேஸுக்குச் சற்று முன்பு கோவையின் ரேஸ் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனுக்குத் தோள்பட்டை விலகிவிட்டது. அவரால் ஓட்ட முடியவில்லை. மூன்று பேர் மாறி மாறி ஓட்ட வேண்டிய ஆடி காரை, சார்லஸ் ஸ்வோல்ஸ்மனும் ஆந்த்ரே லாட்டரரும் இரண்டே பேராக விடிய விடிய ஓட்டி ஏழாவதாகக் கொண்டுவந்தார்கள். லாட்டரருக்கு அதுதான் முதல் லெ மான்ஸ். அடுத்த வருடமே ஆடி தன் சொந்த அணியில் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2011, 2012, 2014 என்று மூன்று முறை அங்கே ஜெயித்தார். ஒருவருக்கு வந்த வலி இன்னொருவருக்குக் கதவாகத் திறக்கிறது. அதில் குற்றம் ஏதும் இல்லை. ரேஸ் அப்படித்தான். அதனால்தான் என் தம்பி செய்ததன் எடை எனக்குத் தெரிகிறது. அவன் கதவும் திறந்துதான் இருந்தது. சீசன் முடியும்வரை நீயே ஓட்டு என்று டீமில் கேட்டிருக்கிறார்கள். “அது அண்ணன் காருங்க, அவரு வந்துருவாரு” என்று சொல்லிவிட்டான். இதையும் அவன் என்னிடம் சொல்லவில்லை.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். அடுத்த சீசனில் உனக்கு ஒரு சீட் கிடைக்கும்வரை நான் ஓயமாட்டேன். எனக்காகப் போய் நின்ற ஒவ்வொரு ஸ்பான்சர் வாசலிலும் உனக்காகவும் போய் நிற்பேன், உன் லேப் நேரங்களைக் கையில் வைத்துக்கொண்டு. டயர் செலவில் பாதி என்னுடையது. வேண்டாம் என்று சொல்லாதே, உன் அப்பாவிடம் பேசிவிட்டேன். மார்ஷல் நண்பர்களே, உங்களிடமும் ஒன்று. நான் ஓட்டாத வார இறுதிகளில் எனக்கும் ஒரு கொடியைக் கொடுங்கள். கால் முழுதாகச் சரியாகட்டும், ஓடிவரக் கற்றுக்கொடுங்கள்.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

ஃபார்முலா கார் சீட் எப்படிச் செய்வார்கள் என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஓட்டுநரைக் காருக்குள் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் பைக்குள் ரெண்டு திரவத்தைக் கலந்து ஊற்றினால், அது பொங்கி அவர் உடம்பின் வடிவத்திலேயே கெட்டியாகிவிடும். வேறு ஆள் வந்தால் பழைய ஃபோமை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஊற்றுவார்கள். என்னுடையதும் குப்பைக்குப் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். நேற்று அவன் பைக்கின் பின்னால் ஒரு பெரிய மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தான். அவன் அம்மாவின் பழைய புடவையில் சுற்றி, எலி கடிக்காமல் வீட்டுப் பரணில் ஏற்றி வைத்திருந்திருக்கிறான். பிரித்தால் என் சீட். தோள் பக்கம் நான் பேனாவால் எழுதிய எண் அப்படியே இருந்தது.

உட்கார்ந்தேன். நாலு மாதத்தில் வலது தொடை இளைத்துப்போய் அந்தப் பக்கம் ரெண்டு விரல் இடைவெளி இருந்தது. நான் சொல்லவில்லை. அவன் பார்த்துவிட்டுத் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து அந்த இடைவெளியில் செருகினான். பெல்ட்டை இழுத்து மாட்டினான். ஹெல்மெட்டைத் தட்டிவிட்டு நகர்ந்துகொண்டான்.

பத்து லேப் முடிந்து பிட்டுக்கு (டிராக்கோரம் கார் நிறுத்தும் இடத்துக்கு) வந்ததும் என்னால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. அவன் இருபது அடி தூரத்தில் சுவரோரம் நின்றிருந்தான். கையுறையைக் கழற்றி, போனை வாங்கி, அவனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

“தம்பி, நம்ம காரு நல்லாருக்கு. மெயின் ஸ்ட்ரெய்ட் முடிஞ்சு திரும்பறப்ப எனக்குக் கொஞ்சம் பயமாயிருக்கு. நீ அந்த எடத்துல எப்படிப் போவே?”

நன்றியுடன்,
41ஆம் எண் காரிலிருந்து,
கோயம்புத்தூர்.