செயலாளரின் ஆண்டறிக்கை: நோயாளர் விபரங்களின் பாதுகாப்பு

தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே,

மட்டக்களப்பில் வீடு தேடிச் சென்று நோய்த்தணிப்புப் பராமரிப்பு (கடும் நோயாளரின் நோவையும் அவதியையும் குறைக்கும் பராமரிப்பு) செய்யும் எமது சங்கத்தில், இவ்வாண்டு அதிக உழைப்பைக் கேட்டது நோயாளர் விபரங்களைக் காக்கும் வேலைதான். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

கிளினிக் கொப்பியைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் தாதிக்கு அனுப்பும் வழக்கமே பெரிய ஓட்டை. பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்தப் புற்றுநோய், எவ்வளவு மோர்பின் என்பதெல்லாம் அந்த ஒரே படத்தில். பெறுபவரின் கலரியில் அது தானாக விழுந்து, கூகுள் போட்டோஸுக்கும் ஏறிவிடும். அதே போனில்தான் வீட்டுப் பிள்ளைகள் கேம் விளையாடுகிறார்கள். நோய் இன்னதென்று நோயாளிக்கே சொல்லாத வீடுகள் எம்மூரில் உண்டு என்பதை மறக்க வேண்டாம். எமது வட்ஸ்அப் குழுவில், படங்களைக் கலரியில் காட்டும் ‘மீடியா விசிபிலிட்டி’யை ஒவ்வொருவரும் தன் போனில் நிறுத்த வேண்டும்; மறையும் செய்திகளை 7 நாளுக்கு வைத்துள்ளோம். மருந்துப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து, அனுப்பியதும் கலரியிலும் ட்ராஷிலும் அழிக்க வேண்டும். 6 இலக்க இரகசிய எண் (PIN) போடாத போனுக்குக் குழுவில் இடமில்லை. விலகும் தொண்டரை அன்றே நீக்குகிறோம். மனத்தாங்கல் வந்தாலும் இதில் தளர முடியாது.

அமெரிக்காவில் வட ஐடஹோ ஹொஸ்பிஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு நிறுவனத்தின் லப்டொப் ஒன்று 2010இல் களவு போனது. உள்ளே 441 நோயாளரின் விபரம், குறியாக்கம் (சாவியின்றி வாசிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாமல். அதற்காக அந்த நிறுவனம் 50,000 டொலர் கட்ட நேர்ந்தது. வீட்டுக்கு வீடு கொண்டுபோகும் எமது லப்டொப்பில் அந்தக் குறியாக்கத்தைச் செய்யும் பிட்லொக்கர் போட்டுவிட்டோம். அதன் 48 இலக்க மீட்புச் சாவி அச்சிட்டு, உறையிலிட்டு ஒட்டி, அலுமாரியில் இருக்கிறது. மதர்போர்ட் மாற்றினால் அந்தச் சாவியைக் கேட்கும். இல்லையென்றால் எமது பதிவை நாமே திறக்க முடியாது.

நகலெடுக்க இரண்டு ஹார்ட் டிஸ்க். வெள்ளிக்கிழமைகளில் மாறி மாறி. நகல் முடிந்ததும் வயரைக் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் கப்பம் கேட்கும் வைரஸ் செருகியிருப்பதையும் சேர்த்தே பூட்டும். டெஸ்க்டொப்பில் உள்ள ஷோர்ட்கட்டை (பதிவு இருக்கும் இடத்தைக் காட்டும் குறியை) மட்டும் நகலெடுத்துவிட்டுப் பதிவையே எடுத்ததாக நினைப்பது வழமையான பிழை. ஆகவே மாதமொருமுறை நகலிலிருந்து பத்துப் பதிவுகளை வேறு கணினியில் திறந்து பார்க்க வேண்டும்.

கணினி நள்ளிரவில் பூட்டிக்கொண்டாலும் மோர்பின் அளவை ஊகிக்கக் கூடாது. குறைந்தால் நோவு, கூடினால் மூச்சு மந்தம். தற்போதைய அளவு, இடைநோவுக்கான (வழமையான மருந்தையும் மீறி இடையில் வரும் நோவுக்கான) அளவு, கடைசியாக மாற்றிய திகதி, ஒவ்வாமை ஆகியவற்றை எழுதிய தாள் நோயாளி வீட்டில் இருக்க வேண்டும். அளவு மாறும் அன்றே பழைய தாளைக் கிழித்துவிட வேண்டும்.

பதிவறையின் பழைய கணினி இன்னும் விண்டோஸ் 10இல் ஓடுகிறது. அதற்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. புதிய நிர்வாகம் முதற் கூட்டத்திலேயே இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் எனப் பிரேரிக்கிறேன்.

செயலாளர்