ஐ.க்யூ. சோதனை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

"அப்பா டாக்டர், அம்மா இன்ஜினியர், பிள்ளைக்கு ஐ.க்யூ. எவ்வளவு என்று பார்த்துவிடலாமே" என்று புதுச்சேரியில் சில பெற்றோர் கிளம்பியிருக்கிறார்கள். ஐ.க்யூ. என்பது புத்திக்கூர்மையைச் சோதித்துத் தரும் மதிப்பெண். புத்திக்கூர்மையில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் அதைக் காட்டியிருக்கின்றன. ஆனால் மிக உயர்ந்த மதிப்பெண் உள்ள பெற்றோரின் பிள்ளைகள், சராசரியாகப் பார்த்தால், அவர்களைவிடச் சற்றுக் கீழே, பொதுச் சராசரியான 100ஐ நோக்கித்தான் வருவார்கள். அது யார் குற்றமும் இல்லை. ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்குமே நல்ல வித்தியாசம் இருக்கலாம்.

1905இல் பாரிசில் ஆல்ஃபிரெட் பினேயும் தியோடர் சிமோனும் சோதனையை உருவாக்கியது மேதைகளைப் பொறுக்கி எடுக்க அல்ல. பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியத்தான். இன்றும் உருப்படியான காரணம் அதுதான். நன்றாகப் பேசியும் எழுத்துக்கூட்டத் திணறும் குழந்தை, பாடம் சலித்துப்போய்ச் சேட்டை செய்யும் குழந்தை, இவர்களைப் பயிற்சி பெற்ற உளவியலாளர் நேரில் உட்கார்ந்து சோதித்தால் பலன் உண்டு. அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கவும் இது தேவைப்படுகிறது.

எங்கள் பகுதியிலோ விரல்ரேகையை வைத்தே புத்தியை அளப்பதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. (கைரேகை ஜோசியராவது கம்மியாகக் கேட்பார்!) காசு உள்ளவர்கள் அங்கே ஏமாறட்டும், சரி. அரசுப் பள்ளிகளில் தடுமாறும் பிள்ளைகளைப் பார்க்க, கல்வித்துறை உளவியலாளர்களை முறைவைத்து அனுப்ப வேண்டும்.

ஒரு வாசகி,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.