தெல்லிப்பழையில் மருந்து ஏற்றிய நாட்களில் கூட நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் நாளத்தால் ஏற்றும் புற்றுநோய் மருந்து முடிந்து இப்போது கிளினிக்குக்கு மட்டும் போய்வரும் சிலரும், அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்வந்த வீட்டாரும் சேர்ந்து எழுதுகிற மடல் இது. "மனதைத் தளர விடாதேங்கோ" என்று ஊர் முழுக்கச் சொன்னது. சொன்னவர்களுக்கும் நன்றிதான். ஆனால் சொன்ன கையோடு கலண்டரையும் பென்சிலையும் எடுத்தவர்களுக்கே முதல் நன்றி.

21 நாளைக்கு ஒருக்கால் மருந்து ஏறுகிறவருக்கு அந்தக் கலண்டரில் மூன்று பகுதி. முதல் மூன்று நாலு நாள் சத்தியும் களைப்பும். 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். கலியாண வீடு, கோயில் கூட்டம் எதுவும் வேண்டாம். அதற்குப் பிறகு வருவது நல்ல கிழமை. நல்லூருக்கு விடியப்புறம் போவதோ, பேரப்பிள்ளையின் பிறந்தநாளோ, அந்தக் கிழமைக்குள் எழுதப்படும். பென்சிலால்தான் எழுதவேண்டும் என்று சொல்லித்தந்த தாதியரை மறக்கமாட்டோம். இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை போதாவிட்டால் மருந்து ஒரு கிழமை தள்ளிப்போகும். பேனையால் எழுதியவர் அன்றைக்கு உடைந்துபோவார். வருத்தம் முற்றிவிட்டதென்று வீடே அழும். உண்மையில் இரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மச்சைக்கு இன்னும் சில நாள் அவகாசம் வேண்டும், அவ்வளவுதான். இதை முதல் மருந்துக்கு முன்னமே சொல்லிவைப்பதும், நடந்தபிறகு சமாதானம் சொல்வதும் ஒன்றல்ல. டொக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து ஏறினால் ஒன்றிரண்டு நாள் சிறுநீரும் சிவப்பாய்ப் போகும் என்று முன்கூட்டியே சொன்னதும் அப்படித்தான். இரத்தம் போகிறதென்று நடுச்சாமத்தில் பதறாமல் படுத்தோம்.

இரவிலும் ஓட்டோ கொண்டுவந்த அண்ணைமாருக்கு: உங்கள் ஓட்டத்தின் அவசரம் வெளியாருக்கு விளங்காது. தேமாமீற்றர் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைற் காட்டினால், விடியட்டும் என்று இருக்கக்கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்பில் கிருமி சில மணித்தியாலத்தில் இரத்தத்தில் பரவிவிடும். நாளத்தால் அன்ரிபயோற்றிக் ஏறியாகவேண்டும். பனடோல் போட்டுப் பார்ப்போம் என்பதுதான் நாங்கள் கண்ட பெரிய பிழை. காய்ச்சல் மறையும், கிருமி மறையாது. தேத்தண்ணி குடித்த கையோடு வாயில் வைத்துப் பார்த்தால் கூடக் காட்டும். கால் மணித்தியாலம் பொறுக்கவேண்டும். கமக்கட்டில் வைத்தால் அரைப் பாகையளவு குறையக் காட்டும். கிளினிக் கொப்பியை ஓட்டோவில் ஏறும்போதே கையில் எடுக்கச்சொல்லி நீங்கள் நினைவுபடுத்தியது பெரிய உதவி. கடைசியாய் மருந்து ஏறிய திகதியைக் கண்டால் வாசலில் கேள்வி குறையும்.

சமைத்துத் தந்த அக்காமாருக்கு. வாய் அவிந்திருக்கிறவருக்கு யாழ்ப்பாணத்துத் தூள் நெருப்பு. இடியப்பத்தைப் பால்சொதியில் ஊறவிட்டு, தேசிக்காய் விடாமல் தந்தீர்கள். அது தொண்டையால் இறங்கியது. கரண்டி இரும்பு மணக்கிறதென்றபோது பிளாஸ்ரிக் கரண்டி கொண்டுவந்தீர்கள். அரை அவியல் முட்டையைத் திருப்பி அடுப்பில் வைத்துக் கல்லாய் அவித்ததும் சரிதான். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்துப் போத்தலில் விட்டு, நாளுக்கு நாலு ஐந்து தரம் கொப்பளித்துத் துப்பவேண்டும். மிச்சத்தை இரவே ஊற்றிவிட்டு மறுநாள் புதிதாய்க் கரைக்கவேண்டும். உப்பைக் கூட்டினால் கெதியாய் ஆறும் என்று இரண்டு கரண்டி போட்டவர்களும் உண்டு. வாய் எரிந்ததுதான் மிச்சம்.

சத்திக் குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னம் எடுத்து நீட்டிய பிள்ளைகளுக்கும் நன்றி. சத்தி தொடங்கியபிறகு போட்டால் குளிசையும் சேர்ந்து வெளியே வரும். அதே குளிசை மலச்சிக்கலும் கொண்டுவரும். பப்பாப்பழமும் தண்ணீரும் போதாவிட்டால் வைத்தியரிடம் கேட்கவேண்டும். எண்ணிக்கை இறங்கிய நாட்களில் பின்வழி மருந்தை வீட்டில் தொடவே கூடாது.

முள்ளு அன்னமுன்னா இலை அவித்துக்கொண்டு வந்த உறவுகளைக் கோபிக்கவில்லை, அன்பில்தான் கொண்டுவந்தீர்கள். அது மனிதரில் புற்றுநோயை மாற்றியதற்கு ஆதாரம் இல்லை. ஒளித்துப் பருக்காமல் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வெளியே ஊற்றியவர்களுக்குக் கூடுதல் நன்றி.

இரத்தம் தந்த இளைஞர்களே, சிவப்பணுவைக் குளிர்ப்பெட்டியில் கிழமைக்கணக்கில் வைக்கலாம். இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டு அப்படியல்ல. 20 முதல் 24 பாகையில் ஆட்டிக்கொண்டே வைத்தாலும் ஐந்து நாள்தான். பெருநாள் விடுமுறைகளில் முகாம் நடக்காதபோது முதலில் முடிவது அதுதான். தீபாவளிக்கு மறுநாள் வரிசையில் நின்றவர்கள் எதற்காக நின்றீர்கள் என்று உங்களுக்கே முழுதாய்த் தெரிந்திருக்காது.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காகக் காசு சேர்த்தவர்களையும் இங்கே நினைக்கிறோம். கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு பஸ் ஏறி, சத்திப் பையோடு திரும்பிவரும் பயணம் பலருக்கு இல்லாமற் போனது அந்த நடையால்.

மருந்து முடிந்த வீடுகளிலிருந்து மூன்று தேமாமீற்றரும், ஆறு பருத்தித் தலைத்துணியும், ஒரு பெரிய கலண்டரும் சேர்ந்திருக்கின்றன. தலைத்துணிகள் தோய்த்துக் காயவைத்தவை. தேமாமீற்றர்களுக்குப் புது பற்றறி போட்டாயிற்று. அடுத்த கிழமை முதல் மருந்து ஏற்றப்போகிறவரின் வீட்டார் வந்து கேட்டால் கொடுத்துவிடுவோம். பென்சில் கலண்டரோடு நூலில் கட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
மருந்து ஏற்றியவர்களும் கூட இருந்தவர்களும்,
யாழ்ப்பாணம்.