குளிசை உறையில் நாலு வரி தெளிவாக எழுதக் கூடாதா?

ஆசிரியருக்கு,

மருந்துப் பெட்டிகளில் எழுத்துப் பொடியாக இருக்கிறது, பெரிதாக்க வேண்டும் என்று அவ்வப்போது யாராவது எழுதுகிறார்கள். நியாயம்தான். ஆனால் கொழும்பில் பெட்டியோடு மருந்து வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கிலும் சரி, காலி வீதிப் பாமசியிலும் சரி, குளிசைகளை எண்ணிக் காகித உறையில் போட்டுத்தான் தருகிறார்கள். நோயாளிக்கு லேபல் என்றால் அந்த உறைதான்.

எங்கள் தொடர்மாடியில் உள்ள வயோதிபர்கள் உறைகளைக் கொண்டுவந்து என்னிடம் விளக்கம் கேட்பது வழக்கம். அண்மையில் வந்த ஒன்றில் பாமசியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் பச்சை மையில் கொட்டை எழுத்துகளாக அச்சாகியிருந்தன. கீழே பேனையால் மருந்துப் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், பக்கத்தில் 'பி.டி.'. அவ்வளவுதான். 'பி.டி.' என்றால் நாளுக்கு இரண்டு வேளை, 'டி.டி.எஸ்.' மூன்று வேளை, 'நொக்டே' இரவில். வைத்தியர் மருந்தாளருக்கு எழுதும் லத்தீன் குறிப்பு அது. எழுபது வயது அம்மாவுக்கு எழுதியதல்ல. உள்ளே இருந்த அட்டையும் கைகொடுக்கவில்லை. கத்தரிக்கோலால் ஆறு குளிசைகளை வெட்டிக் கொடுத்தபோது, பெயரும் காலாவதித் திகதியும் இருந்த ஓரம் கடையிலேயே தங்கிவிட்டது.

இது வெறும் வசதிக் குறைவு அல்ல. டெங்குக் காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும் எடுங்கள், இபுபுரூபன், டைக்குளோபெனாக் போன்ற நோவு மருந்துகள் வேண்டாம், இரத்தப்பெருக்கு ஏற்படலாம் என்று மழைக்காலம் தோறும் சுகாதாரத் துறை எச்சரிக்கிறது. சென்ற மாதம் முழங்கால் நோவுக்கு வாங்கி மிஞ்சிய குளிசை பெயரில்லாத உறையில் அலுமாரியில் கிடக்கிறது. அது எந்த மருந்து என்று வீட்டில் யாருக்குத் தெரியும்? மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டைக் கிழமைக்கு ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டும். தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிரே போகலாம். அந்த உறையில் 'ஞாயிற்றுக்கிழமை மட்டும்' என்று நாளையும் சேர்த்து எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்?

லண்டனில் பிள்ளைகளோடு இருந்துவிட்டு வருகிறவர்கள் கொண்டுவரும் பெட்டிகளைப் பாருங்கள். நோயாளியின் பெயர், எத்தனை குளிசை, எப்போது என்பதெல்லாம் முழு வாக்கியங்களாக அச்சிட்டு ஒட்டியிருக்கும். இங்கே அதற்கு வசதி இல்லை என்று சொல்லாதீர்கள். அதே பாமசியில் பற்றுச்சீட்டு கணினியில் அச்சாகி, சதக் கணக்கும் பிசகாமல் வருகிறது.

அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தாளர்களை நான் குறை சொல்லவில்லை. யன்னலுக்கு முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தவர் எவரும் சொல்லமாட்டார். ஆனால் கிளினிக்குகளில் பெரும்பாலும் கொடுபடுவது மெட்போமின், லொசாட்டன், அட்டோவஸ்டட்டின் என்று ஒரு சில மருந்துகளே. அவற்றுக்கு மருந்தின் பெயர், அளவு, 'சீனி வருத்தத்துக்கு', 'பிரஷருக்கு' என்ற குறிப்பு எல்லாவற்றையும் தமிழிலும் சிங்களத்திலும் முன்கூட்டியே அச்சிட்ட உறைகளைக் கொடுத்துவிட்டால், மருந்தாளர் வேளையை மட்டும் அடையாளமிட்டால் போதும். வேலையும் குறையும். 1987 இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. பஸ்ஸின் பெயர்ப்பலகையில் அதைத் தேடுகிற நாம் மருந்து உறையில் ஏன் கேட்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

தனியார் பாமசிகளுக்கு அனுமதி வழங்குவது, 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது குளிர்சாதனப் பெட்டியையும் மருந்தாளரின் சான்றிதழையும் பார்ப்பதோடு, அன்று காலை விற்ற மருந்தின் உறையொன்றையும் வாங்கி, அங்கே வரிசையில் நிற்கும் யாராவது ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.