ஹீட்டர் பெட்டியைத் திரும்ப மாட்ட உதவியவர்களுக்கு

ஒரு வழியாக நேற்று இரவு வேலை முடிந்தது. இங்கிலாந்தின் ஸ்விண்டனில் பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரி குளிர், கார் பதினைந்து நிமிடம் ஓடியிருக்கும், முன்கண்ணாடியில் படிந்திருந்த ஆவி கீழே இருந்து இரண்டு அரைவட்டமாக விலகிக்கொண்டே மேலே போனது, அப்புறம் காலடியில் இளஞ்சூடு வந்தது. நானும் கணவரும் முன்னால், மகள் பின்னால் அந்தக் குட்டி சீட்டில். மூன்று பேரும் எதுவும் பேசாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன், நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் யாராவது ஒருவரை விட்டுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

கார் 1972 எம்.ஜி.பி. ஜிடி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பச்சை நிறம், குரோம் பம்பர். 1962-லிருந்து 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த கார் என்பதால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை, இதைவிடச் சுலபமான பழைய கார் கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். இஞ்சின் விஷயத்தில் அது உண்மைதான். 1798 சிசி இஞ்சின், எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. ஆனால் பானட்டைத் திறந்தால் பின்னால், முன்கண்ணாடிக்குக் கீழே, பல்க்ஹெட் (இஞ்சினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகட்டுச் சுவர்) மேல் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி அமுங்கி உட்கார்ந்திருக்கும், அதுதான் ஹீட்டர். முன்கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் கிரில் வழியாக வெளிக்காற்று உள்ளே இறங்கும், மின்விசிறி அதைப் பெட்டிக்குள் தள்ளும், பெட்டிக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டரில் (இங்கே மேட்ரிக்ஸ் என்பார்கள்) இஞ்சினின் சுடுதண்ணீர் ஓடும், அதைத் தொட்டுச் சூடான காற்று ஒரு பக்கம் கண்ணாடிக்கும் இன்னொரு பக்கம் காலடிக்கும் போகும். அவ்வளவுதான் அந்த இயந்திரம். இந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஹீட்டரை முதலில் தொங்கவிட்டு அதைச் சுற்றித்தான் காரையே கட்டினார்கள் என்று சொல்வார்கள், கழற்றிப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும்.

நான் அதைத் தொடாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மேட்ரிக்ஸ் ஒழுகியதால் முன்னால் வைத்திருந்தவர் இரண்டு ஹோஸையும் கழற்றி நேராக இணைத்து ஹீட்டரையே ஓரங்கட்டியிருந்தார். கோடையில் ஒன்றும் தெரியவில்லை. அக்டோபரில் ஒரு காலை 6 மணிக்கு வேலைக்குக் கிளம்பி, துணியால் ஒரு கையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மறு கையில் ஓட்டி, ஒரு ரவுண்டானாவில் சைக்கிளில் வந்தவரைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலமே சாவியைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டேன், பெட்டியைச் சரிசெய்யும்வரை இந்தக் காரைத் தெருவில் எடுக்கமாட்டேன் என்று. 40 வருடம் தாண்டிய கார்களுக்கு இங்கே ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை, அதனால் ஓட்டுபவரேதான் சோதனை அதிகாரி.

முதல் நன்றி தெருக்கோடியில் இருக்கும் பெரியவருக்கு. எம்.ஜி.பி.யின் உடல்கூடுகளை இந்த ஸ்விண்டனில்தான் தகட்டில் அழுத்திச் செய்தார்கள், அப்புறம்தான் அவை முழுக் காராக ஆவதற்கு எம்.ஜி. ஆலை இருந்த ஆபிங்டனுக்குப் போயின. அந்தத் தகட்டு ஆலையில் இளவயதில் வேலை பார்த்தவர் அவர். என் கராஜ் கதவு திறந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து நின்று, ரொம்ப நேரம் கதவின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே சொன்னார், பெட்டியை இழுக்காதே, முதலில் உள்ளே போ என்று. அதன்படி நடுவில் இருக்கும் கன்சோலைக் கழற்றினோம், டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணாடிக்குக் காற்று கொண்டுபோகும் இரண்டு குழாய்களையும் பிடுங்கினோம், காற்றைத் திருப்பிவிடும் மடிப்பலகையை இயக்கும் கேபிளை அவிழ்த்தோம். வெளியே கூலன்டை (இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்) வடித்து, ஹோஸைக் கழற்றி, வயர்களில் டேப் ஒட்டிப் பெயர் எழுதி, சுற்றியுள்ள திருகுகளையும் எடுத்தாயிற்று. பெட்டி அசையவே இல்லை. ஐம்பது வருடத்து ஃபோம் ரப்பர் பசையாக உருகிப் பிடித்திருந்தது. நான் கடப்பாரை தேடப் போனேன். அவர் தடுத்து, சமையலறையிலிருந்து மெல்லிய தோசைத் திருப்பி மாதிரி ஏதாவது எடுத்துவரச் சொன்னார். தோசைத் திருப்பியையே கொடுத்தேன். அதைச் சுற்றிலும் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக, முக்கால் மணி நேரம். கடைசியில் ஒரு உறிஞ்சும் சத்தத்தோடு மேலே வந்தது. அன்று நான் கடப்பாரையைப் போட்டிருந்தால் அந்தப் பல்க்ஹெட் ஓரம் வளைந்திருக்கும், அதை யாராலும் பழையபடி நேராக்க முடிந்திருக்காது.

பெட்டியைத் திறந்தபோதுதான் டேஷ்போர்டில் தினமும் நான் துடைத்துக்கொண்டிருந்த கறுப்புத் தூள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. மடிப்பலகையில் ஒட்டியிருந்த ஃபோம்தான் பொடிப்பொடியாக உதிர்ந்து காற்றோடு வந்திருக்கிறது. ஒழுகிய தண்ணீர் தேங்கிய அடித்தகடு சல்லடை. அந்த அடிப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அட்டையில் அச்சு வரைந்து, புதுத் தகட்டை வளைத்து, பொட்டுப் பொட்டாக வெல்டு வைத்துத் தந்ததும் அதே பெரியவர்தான். தொடர்ந்து வெல்டு இழுத்தால் இவ்வளவு மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும் என்று, ஒரு பொட்டு இந்த ஓரம், அடுத்த பொட்டு எதிர் ஓரம் என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தார். மீதித் துருவை நான் சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்து எடுத்தேன், பிரைமர், அதன்மேல் கறுப்புப் பெயின்ட். ஐயா, உங்கள் கண் இப்போது சரியில்லை என்று நீங்களே சொன்னீர்கள், ஆனாலும் அந்தத் தகட்டின் விளிம்பு பழைய தகட்டோடு சேரும் இடத்தை நகத்தால் தேடினாலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து கோயம்புத்தூர் பெரியப்பா. விசிறி மோட்டர் சுற்றவில்லை. புது மோட்டர் வாங்கிவிடலாம் என்றுதான் இங்கே எல்லோரும் சொன்னார்கள், நானும் ஏறக்குறைய வாங்கியேவிட்டேன். நாற்பது வருடமாக மோட்டர் வைண்டிங் கடை வைத்திருக்கும் பெரியப்பாவிடம் சும்மா படம் அனுப்பினேன். அங்கே விடியற்காலை 5 மணி, இங்கே இரவு 11:30, உடனே வீடியோவில் கூப்பிட்டார். "கண்ணு, காயில் போயிருக்காது, அழுக்குதான் பிடிச்சிருக்கும், மெதுவாப் பிரி" என்றார். பிரித்தேன். உள்ளே நிரந்தரக் காந்தம் இருப்பதால் ஆர்மேச்சர் (சுழலும் பகுதி) வெளியே வரவே மாட்டேன் என்றது, விரலை நடுவில் விட்டுவிடாதே என்று அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் செம்புப் பட்டை வளையம், கமுட்டேட்டர், கரிக்கட்டை மாதிரி இருந்தது. என்னிடம் எமரி தாள்தான் இருந்தது, அதை எடுத்ததும் வேண்டவே வேண்டாம் என்றார், அதன் தூள் மின்சாரம் கடத்தும், செம்புப் பட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தால் ஷார்ட் ஆகும், ஜீரோ நம்பர் உப்புத்தாள்தான் வேண்டும் என்று. மறுநாள் வாங்கிவந்து தேய்த்து, பட்டைகளுக்கு நடுவே இருந்த அழுக்கை ஊசியால் கீறி எடுத்து, தண்டைத் தாங்கும் புஷ் இரண்டையும் வெதுவெதுப்பான எண்ணெயில் ஊறவைத்தேன். அந்த வெண்கலப் புஷ்கள் எண்ணெயை ஸ்பாஞ்சு மாதிரிக் குடித்துக்கொண்டு, ஓட ஓட அதைக் கசியவிடுமாம். ஊறும்போது குட்டிக் குட்டிக் காற்றுக்குமிழிகள் வந்ததைப் பார்த்து மகள் கைதட்டினாள்.

மூன்றாம் நாள் பேட்டரியில் கொடுத்ததும் சுற்றியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரியப்பா மட்டும் போனில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் வருது, காத்து வரலையே கண்ணு, வயரை மாத்திக் குடு" என்றார். தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, போனில் கேட்ட சத்தத்தை வைத்தே அதைக் கண்டுபிடித்தார். வயரை மாற்றினேன், மேசைமேல் இருந்த காகிதமெல்லாம் பறந்தது.

மேட்ரிக்ஸை நான் தோட்டத்து ஹோஸ் வைத்துப் பின்பக்கமாக அலசினேன், காப்பிக் கஷாயம் மாதிரித் தண்ணீர் வந்தது. ஒரு வாயை அடைத்து, மறுவாயில் சைக்கிள் பம்ப் வைத்து, குளியல் தொட்டியில் முக்கினால் ஓரத் தையலில் இரண்டு இடத்தில் குமிழி. ஊரில் மிச்சமிருக்கும் ஒரே ரேடியேட்டர் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அந்த அண்ணன் அதைக் கையில் வாங்கியதும், இது செம்பும் பித்தளையும், இப்போது வருவதெல்லாம் இப்படி இருக்காது, தூக்கிப் போடாதே என்றார். ஈயப்பற்று வைத்து, என் கண்முன்னால் மறுபடி காற்றழுத்திக் காட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார். மறுவாரம் முறுக்கும் அதிரசமும் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நடுவில் ஒரு வாரம் வீணானது. ஒரு கடையில் வாங்கிய ஃபோம் செட் தண்ணீர் உறிஞ்சும் வகை, தடிமனும் அதிகம், பெட்டி இடத்திலேயே உட்காரவில்லை. கடைக்கு எழுதினேன், பதில் இல்லை. கடைசியில் தண்ணீர் உறிஞ்சாத மூடிய கண்ணறை நியோப்ரீன் ஷீட் வாங்கி, கணவரும் நானும் பழைய ஃபோமின் தடத்தை வைத்தே வெட்டினோம். நர்ஸ் வேலையில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து தூங்காமல் கத்தரிக்கோல் பிடித்த மனிதர். ஆறு வாரம் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெட்டி கிடந்தது, தீபாவளிக்குக்கூட நாங்கள் சோபாவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டோம், ஒருநாளும் அதை எடுத்து வை என்று நீங்கள் சொல்லவில்லை. அதைக் கவனித்தேன்.

மகளே, உனக்குத் தனியாக. பெட்டி இல்லாத அந்தப் பள்ளத்தில் உன் கைதான் போனது. கிரில் வழியாக விழும் மழைத்தண்ணீர் வெளியேற அங்கே ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது, அதில் இலைச்சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் காருக்குள் இறங்கிவிடும். நீ பிடுங்கிப் போட்டது ஒரு சூப்புக் கிண்ணம் நிறைய மட்கிய இலை. கால்மிதி எப்போதும் ஈரமாகவே இருந்ததற்கு நான் கதவு ரப்பரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதில் நீ கண்டுபிடித்தாய்.

திரும்ப மாட்டும்போது இன்னொரு பாடம், இந்த வேலையில் இறங்குபவர்களுக்காகச் சொல்கிறேன். கேபிளைப் பெட்டி கீழே உட்காருவதற்கு முன்னாலேயே மாட்டிவிடுங்கள், உட்கார்ந்தபிறகு கை நுழையாது. ஃபோமில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவினால் வழுக்கிக்கொண்டு இறங்கும், இதுவும் பெரியவர் சொன்னதுதான். இஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கத்தில், சுடுதண்ணீரை ஹீட்டருக்குத் திறந்துவிடும் வால்வும் இறுகிப்போயிருந்தது, அதை மட்டும் புதிதாக வாங்கிப் புது கேஸ்கெட்டோடு போட்டேன்.

எல்லாம் மாட்டி, கூலன்ட் ஊற்றி, ஓட்டினால் பனிக்காற்று! இஞ்சின் கொதிக்கிறது, ஹீட்டர் ஹோஸ் ஜில்லென்று இருக்கிறது. அன்று ராத்திரி நான் கராஜிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கிராமத்தில் இதே மாடல் வைத்திருக்கும் அக்கா ஒருவர், என் போன் வந்ததும் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். காற்று அடைப்பு, வேறொன்றுமில்லை என்றார். காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வைத் திறந்துவைத்து, ஹீட்டரிலிருந்து திரும்பும் ஹோஸைக் கழற்றி அதன் வழியாகவே மெதுவாகக் கூலன்ட் ஊற்றினார். குளுக் குளுக்கென்று குமிழி வந்துகொண்டே இருந்தது, அப்புறம் நின்றது. இருபது நிமிட வேலை. அக்கா, உங்கள் அடுப்பில் அன்றைக்கு எது தீய்ந்தது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை, சனிக்கிழமை எங்கள் வீட்டில்தான் உங்கள் குடும்பத்துக்குச் சாப்பாடு.

ஐயா, ஞாயிறு காலை 10 மணிக்கு உங்கள் வாசலில் ஹார்ன் அடிப்பேன், ஆபிங்டன் வரை போய்வரலாம், மெல்லிய கோட்டே போதும். பெரியப்பா, மோட்டர் ஓடும் சத்தத்தைப் பதிவு செய்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். இடது பக்கம் லேசாக ஒரு உரசல் கேட்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது, எழுந்ததும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.