‘மேட் இன் ஜப்பான்’: எந்தப் பதிப்பை வாங்குவது?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகம் என்பதில் சந்தோஷம். இங்கும் அப்படியே. கண் ஆபரேஷனுக்குப் பிறகு படிப்பதைவிடப் பாட்டுக் கேட்பதில்தான் பொழுது போகிறது என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் நீ கேட்டதற்கு நீளமாகவே பதில் எழுதலாம்.

டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் லைவ் ஆல்பமான ‘மேட் இன் ஜப்பான்’ வாங்கலாம் என்று பார்த்தால் நாலைந்து பதிப்பு கண்ணில் படுகிறது, ரசிகர்களும் ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருந்தாய். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972-இல் வந்த ஏழு பாட்டு ஆல்பத்தை, அதன் பழைய மிக்ஸிலேயே (தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அன்றைக்குச் சேர்த்து அமைத்த விதத்திலேயே), முதலில் வாங்கு. ஜப்பானில் நடந்த மூன்று இரவுக் கச்சேரியும் முழுசாக உள்ள பெட்டியை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ‘முழுசா இருப்பதுதான் உண்மையான கச்சேரி, அந்த ஏழு பாட்டு பொறுக்கி எடுத்துக் கோத்தது’ என்று வாதாடுகிறவர்கள் நிறையப் பேர். பொறுக்கி எடுத்தது என்பது உண்மைதான். அந்தப் பொறுக்கலில்தான் இந்த ஆல்பத்தின் பலமே இருக்கிறது என்பது என் கட்சி.

நடந்தது இதுதான். 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகா ஃபெஸ்டிவல் ஹாலில் இரண்டு கச்சேரி, 17-ஆம் தேதி டோக்கியோவில் புடோகான் அரங்கில் ஒன்று. லைவ் ஆல்பம் வேண்டும் என்று கேட்டது ஜப்பான் கம்பெனி. குழுவுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. தங்கள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச்தான் பதிவு செய்வார், டேப்பைத் தாங்கள் கேட்டுச் சம்மதித்தால்தான் வெளியிடலாம் என்று நிபந்தனை போட்டார்கள். 8 டிராக் மெஷின் (எட்டுத் தனித்தனித் தடங்களில் பதிகிற டேப் கருவி), செலவு சுமார் 3,000 டாலர், அவ்வளவுதான். மிக்ஸிங்குக்குக் குழுவிலிருந்து வந்து உட்கார்ந்தவர்கள் ரோஜர் குளோவரும் இயன் பேய்ஸும் மட்டும். பேஸ்காரரும் டிரம்மரும் கேட்டுக் கேட்டு முடிவு செய்த ஆல்பம் இது. தாளக்கட்டு அவ்வளவு உறுதியாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

எந்தப் பாட்டு எந்த இரவு என்பதைக் குறித்து வைத்துக்கொள். ‘ஹைவே ஸ்டார்’, ‘சைல்ட் இன் டைம்’, ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்’, ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’ நான்கும் 16-ஆம் தேதி ஒசாகா. ‘த மியூல்’, ‘லேஸி’ இரண்டும் டோக்கியோ. 15-ஆம் தேதியிலிருந்து எடுத்தது ஒன்றே ஒன்று, ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’. முதல் இரவு என்பதால் வாசிப்பு இன்னும் சூடு பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டின் தொடக்க ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் சொற்றொடரை) கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் ஸ்டுடியோவில் வாசித்த மாதிரியே நேராக வாசித்தது அன்றைக்கு மட்டும்தான். மற்ற இரண்டு இரவும் இழுத்தும் மாற்றியும் விளையாடிவிட்டார்.

மூன்று இரவுப் பெட்டி கைக்கு வந்ததும் முதல் வேலையாக ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டின் முதல் ஒரு நிமிடத்தை மட்டும் மூன்று இரவிலும் அடுத்தடுத்துக் கேள். 15-ஆம் தேதியில் கிட்டார் தனியாக வரும், சபை கைதட்டிக்கொண்டே கூடச் சேரும், பிறகு பேய்ஸின் ஹை-ஹாட் (காலால் மிதித்து இயக்கும் ஜோடித் தாளத் தட்டு), பிறகு மற்ற டிரம், கடைசியில் பேஸ். படிப்படியாக ஏறும் அந்த ஏற்றம் கெட்டிருந்தால் பாட்டே சப்பென்று போயிருக்கும். அதைக் கேட்ட பிறகு ‘ஏன் முதல் இரவிலிருந்து எடுத்தார்கள்?’ என்ற கேள்வி தானாக அடங்கிவிடும். பிளாக்மோர் அந்த ரிஃப்பை இரண்டு இரண்டு ஸ்வரமாக, நான்காம் இடைவெளியில், பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் விரலால் இழுத்து வாசிப்பார். விரலால் இழுத்தால் இரண்டு கம்பியும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். பிக்கால் அடித்தால் ஒன்று கொஞ்சம் முந்தும். நல்ல ஹெட்ஃபோனில் அந்தத் தெறிப்பு துல்லியமாகக் கேட்கும்.

அடுத்த பெரிய சண்டை ஓவர்டப், அதாவது பிறகு மேலே சேர்த்துப் பதிவது, பற்றியது. எழுபதுகளின் லைவ் ஆல்பம் பலவற்றில் ஸ்டுடியோவுக்குத் திரும்பிப்போய்க் குரலையும் கிட்டாரையும் மறுபடி பதிந்திருக்கிறார்கள். இதில் அப்படி எதுவும் செய்யவில்லை. யாராவது சந்தேகப்பட்டால் காதாலேயே சோதிக்கலாம். மேடையில் பாடகரின் மைக்கில் குரலோடு டிரம்மும் ஆம்ப் (ஒலிபெருக்கி) சத்தமும் கசியும். குரலை ஸ்டுடியோவில் மாற்றிப் பதிந்தால் அந்தக் கசிவு போய்விடும். குரல் வரும்போதும் நிற்கும்போதும் பின்னணியின் காற்றே மாறும். இந்த ஆல்பத்தில் பாடகர் இயன் கில்லன் வாயை மூடின பிறகும் ஹாலின் காற்று அப்படியே நிற்கிறது. கில்லனுக்குத் தன் பாட்டில் திருப்தி இருக்கவில்லை, அது வேறு விஷயம். ‘சைல்ட் இன் டைம்’ கேட்கிற எவருக்கும் அவருடைய அந்த அதிருப்தி விளங்காது.

சபையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பான் ரசிகர்கள் பாட்டு நடக்கும்போது அமைதியாக உட்கார்ந்து கேட்டு, முடிந்ததும் கைதட்டுகிறவர்கள். சிலர் இதையே குறையாகச் சொல்கிறார்கள், ‘ஆரவாரம் பத்தவில்லை’ என்று. எனக்கு இது வரப்பிரசாதம். ‘சைல்ட் இன் டைம்’ தொடங்கும்போது ஜான் லார்டின் ஆர்கன் எவ்வளவு மெல்ல வருகிறது என்று கவனி. விசிலடிக்கிற சபை என்றால் அந்த இடம் முழுக்க முழுகியிருக்கும். மெல்லியது அத்தனை மெல்லியதாக இருப்பதால்தான் கடைசியில் வரும் அலறல் மயிர்க்கூச்செறிய வைக்கிறது.

கிட்டார் எது, ஆர்கன் எது என்று பிரித்தறிய முடியவில்லை என்று சிலர் புகார் சொல்வதையும் எழுதியிருந்தாய். அவர்கள் பெரும்பாலும் போன் ஸ்பீக்கரில் கேட்கிறவர்களாக இருப்பார்கள். லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப் வழியாக விட்டார். அதனால் ஆர்கனும் பிளாக்மோரின் கிட்டார் மாதிரியே கரகரத்து, அதே சுருதிப் பரப்பில் உட்காருகிறது. ஆல்பத்தில் ஒன்றை ஒரு பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் வைத்திருக்கிறார்கள். ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கூழாகிவிடும். இரண்டு ஸ்பீக்கரை இடைவெளி விட்டு வைத்து நடுவில் உட்கார், இல்லையென்றால் ஹெட்ஃபோன் போடு. ‘லேஸி’யில் இரண்டு பேரும் மாறி மாறிப் பேசிக்கொள்வது அப்போதுதான் பிடிபடும். பிளாக்மோர் நடுவில் ஹூகோ ஆல்வேன் என்ற சுவீடன் இசையமைப்பாளரின் சுவீடிஷ் ராப்சடியிலிருந்து ஒரு துண்டைச் செருகுவார், அதைத் தவறவிடாதே.

‘த மியூல்’ ஒன்பதரை நிமிடம், அதில் பெரும்பகுதி டிரம் சோலோ. இதைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு, அவர்கள் பாடு. ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’ ஏறக்குறைய 20 நிமிடம், பழைய எல்பியில் நான்காம் பக்கம் முழுக்க அதுதான். ஸ்டுடியோவில் நாலரை நிமிடப் பாட்டை எதற்கு இப்படி இழுக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் உதவும். பாட்டு ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருவது, முன்பு ‘மேன்ட்ரேக் ரூட்’ என்ற தங்கள் பழைய பாட்டை வாசிக்கும்போது அவர்கள் வளர்த்த நீண்ட இசைப் பயணம். அதன் நடுவே பிளாக்மோர் கிட்டாரின் வால்யூம் குமிழைத் திருகித் திருகி, அடித்த ஓசையின் முனையை மறைத்துவிட்டு வீக்கத்தை மட்டும் விடுவார். செல்லோ மாதிரி கேட்கும். அவர்களுடைய ‘ஃபூல்ஸ்’ பாட்டில் செய்த அதே உத்தி. இதைப் பாட்டு என்று எண்ணாமல் இசைப் பயணமாகக் கேட்டால் நீளம் உறுத்தாது.

இனி பதிப்புகள். பெயரில் முதலில் ஏமாறாதே. 1972 டிசம்பரில் ஜப்பானில் இந்த ஆல்பம் ‘லைவ் இன் ஜப்பான்’ என்ற பெயரில் வேறு அட்டையோடு வந்தது. 1993-இல் மூன்று சிடியாக வந்த, மூன்று இரவுகளின் பெரும்பகுதியையும் கொண்ட தொகுப்புக்கும் அதே பெயர்தான். ‘லைவ் இன் ஜப்பான்’ என்று பார்த்ததும் வாங்கிவிடாமல் சிடி எத்தனை, ஆண்டு என்ன என்று பார். 1998-இல் வந்த ரீமாஸ்டரில் பழைய ஏழு பாட்டோடு, இரண்டாம் சிடியில் கடைசியில் வாசித்த கூடுதல் பாட்டுகள் மூன்று: ‘பிளாக் நைட்’, ‘ஸ்பீட் கிங்’, ‘லூசில்’. 2014-இல் மூன்று இரவும் முழுசாகப் புது மிக்ஸில் வந்தன. 2025-இல் ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞரின் ரீமிக்ஸ். வெளிநாட்டு வெளியீட்டின் முன்னட்டைப் படம் ஜப்பானில் எடுத்ததே இல்லை, லண்டனில் எடுத்தது. அதை வைத்துக் கச்சேரி மேடையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

ரீமாஸ்டரும் ரீமிக்ஸும் ஒன்றில்லை என்பதை மட்டும் மனதில் வை. ரீமாஸ்டரில் 1972-இல் குளோவரும் பேய்ஸும் செய்த மிக்ஸ் அப்படியே இருக்கும். மொத்தச் சத்தமும் சுநாதமும் மட்டும் மாறும். ரீமிக்ஸில் 8 டிராக்கையும் பிரித்து மறுபடி சேர்ப்பார்கள். எது முன்னால், எது எந்தப் பக்கம் என்பதே மாறலாம். ஒரு கோப்பை உடைத்து மறுபடி ஒட்டுவது மாதிரி இல்லை இது, மிக நல்ல ரீமிக்ஸ் எத்தனையோ உண்டு. ஆனால் 8 டிராக்கில் ஐந்து பேர் கச்சேரியை அடக்கும்போது ஒவ்வொரு டிரம்முக்கும் தனி டிராக் ஒதுக்க முடியாது. பல மைக்கைச் சேர்த்தே பதிந்தாக வேண்டும். அன்றைக்குச் சேர்த்ததை இன்றைக்குக் கச்சிதமாகப் பிரிப்பது சுலபமில்லை. புது ரீமிக்ஸில் டிரம் ஒலி தலைகீழாக மாறியிருக்கும் என்று எதிர்பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஏமாற்றம் வருவது இதனால்தான்.

ஒப்பிடும்போது சத்த அளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடாதே. ஒரு டெசிபல் கூடினாலே காது அதைத்தான் ‘தெளிவு’ என்று சொல்லும். இரண்டு பதிப்பிலும் ‘சைல்ட் இன் டைம்’ போடு. தொடக்க ஆர்கன் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்படி குமிழைச் சரிசெய். பிறகு கை வைக்காமல் உச்சக்கட்டம் வரை விடு. உச்சம் எதில் அதிகம் எழும்புகிறதோ அதில் ஏற்ற இறக்கம் பிழைத்திருக்கிறது. இரண்டு இடத்திலும் சத்தம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தால் அந்தப் பதிப்பை நசுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். ஆன்லைனில் கேட்பதானால் சத்தத்தைத் தானாகச் சமன் செய்யும் வசதியை அணைத்துவிடு. ஒரு பாட்டு இன்னொன்றோடு கலந்து மறையும் வசதியையும் அணை. கைதட்டல் வெட்டுப்பட்டால் கச்சேரித் தொடர்ச்சியே போய்விடும். பாட்டுகளுக்கு நடுவே வரும் பேச்சும் முக்கியம். ‘எல்லாம் எல்லாவற்றையும்விடச் சத்தமாக வேண்டும்’ என்ற அந்தப் புகழ்பெற்ற கோரிக்கை அங்கேதான் கிடக்கிறது.

பழைய எல்பி கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்டாய். வாங்கு, ஆனால் ஒரு இடத்தைப் பரிசோதித்துவிட்டு. ‘சைல்ட் இன் டைம்’ முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. கில்லனின் உச்ச அலறல் லேபிளுக்குப் பக்கத்தில், உள்வட்டப் பள்ளத்தில் விழுகிறது. உள்ளே போகப் போக ஒரு சுற்றின் நீளம் குறைவதால், அதே ஓசையைக் கொஞ்ச இடத்துக்குள் நெருக்கிச் செதுக்க வேண்டியிருக்கிறது. தேய்ந்த ஊசியால் ஓட்டிய பிரதியில் முதலில் சிதைவது அந்த இடம்தான். அங்கே குரல் கிழிந்து கேட்டால் முதலில் உன் ஊசியின் அமைப்பைச் சரிபார். வேறு எல்பியின் கடைசிப் பாட்டும் அப்படித்தான் கேட்கிறது என்றால் கோளாறு உன் ஊசியில். மற்றவை சரியாக இருந்து இது மட்டும் கிழிந்தால் தட்டு தேய்ந்தது, காசைக் கொடுக்காதே. அதே பாட்டின் தொடக்கத்தில் கீறல் படபடவென்று கேட்டாலும் விட்டுவிடு. அத்தனை மெல்லிய இசைக்கு மேல் கீறல் சத்தத்தைச் சகிக்கவே முடியாது.

எந்த வடிவத்தில் வாங்கினாலும் ஏழு பாட்டையும் ஒரே மூச்சில் கேள். எல்லாம் சேர்த்து 76 நிமிடம்தான். ஏதாவது ஒரு பதிப்பு கையில் கிடைத்தால் பின்னட்டையில் என்ன ஆண்டு, எத்தனை தட்டு என்று போட்டிருக்கிறது என்று எழுது. அது பழைய மிக்ஸா புதியதா என்று உடனே சொல்கிறேன். கண்ணுக்கு மருந்து விடுவதை மறக்காதே.

அன்புடன்,
முரளி